மூச்சுக்கு விட்ட இடம்

ராப் பாட்டில் எழுதுகிறவர் தப்பு செய்தால், மேடையில் திணறுவது பாடுகிறவர். அடுத்தவர் வாய்க்கு வரி எழுதி அவதிப்பட்டவர்களுக்கு இது தெரியும்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். மலையாளம் பேசும் ஊரில் எனக்குத் தமிழ் நாளிதழில் செய்தி திருத்தும் வேலை. பழவங்காடிப் பாத்திரக்கடையில் வேலை பார்த்த செல்வினுக்கு ஒரு கிளப் விழாப் போட்டியில் ராப் பாட இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமைக்குள் நான் தமிழ்ப் பாட்டு எழுதித் தராவிட்டால் யாரோ பாடிய இங்கிலீஷ் பாட்டையே பாடிவிடுவதாகச் சொல்லிவிட்டான். தமிழ்தான் மேடை ஏற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஒரே நீளம்

செய்தித் தலைப்புக்கு எழுத்தெண்ணிப் பழகிய கை. எல்லா வரியும் ஒரே நீளத்தில், எதுகை பிசகாமல், இருபத்து நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். கடைக்குப் பின்னால் தாளக் கேசட்டை ஓடவிட்டுப் பாடினான். ஐந்தாவது வரியில் முகம் சிவந்தது. ஏழாவதில் நின்றுவிட்டான்.

"எக்கா, எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நான் எப்பம் மூச்சு விடணும்?"

துப்பாக்கி

மூச்சுக்கு இடம் விட்டு மறுபடி எழுதினேன். ராப் என்றால் சண்டை என்று நினைத்து இருட்டுச் சந்து, துப்பாக்கி, எதிரி என்று நிரப்பினேன். இந்த முறை மூச்சு திணறவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலிருந்தது. குரலில் உயிரே இல்லையே என்றேன். சருவப் பானைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னான்:

"நான் பாத்திரக்கடையில நிக்கிய ஆளு. துப்பாக்கிய எந்தத் தட்டுல அடுக்க?"

வெண்கலப் பானை

மறுநாள் மதியம் கடையில் நின்று பார்த்தேன். வாங்க வந்தவர்கள் பாத்திரத்தை விரலால் சுண்டினார்கள். கீறல் இருந்தால் சத்தம் செத்து விழும், நல்லதானால் நீளும். செல்வின் சுண்டிக் காட்டுவான், ஒரு வார்த்தை சொல்வான், நிறுத்துவான், அடுத்ததைச் சொல்வான். நான் தேடிய தாளம் அவன் வியாபாரப் பேச்சிலேயே இருந்தது.

துப்பாக்கியைத் தூக்கிவிட்டுக் கடையை எழுதினேன். வியாழன் காலை எங்கள் வலியசாலை வீட்டில், பானையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியையும் சொல்லிப் பார்த்தேன். முக்கியமான வார்த்தையில் தட்டு விழாத வரிகளை அடித்து நீக்கினேன். பதினாறு மிஞ்சியது. பின்னால் மாமியார் வந்து நின்றிருந்தார்.

"தட்டினது போறும்டி. அதுல சாதம் வடிக்கணும்."

மேடை

ஞாயிறு மாலை. கூட்டத்தில் பெரும்பாலும் மலையாளிகள். நான்காவது வரியில் கேசட்டில் நாடா சிக்கித் தாளம் நின்றது. செல்வின் ஒருமுறை என் பக்கம் பார்த்தான். மூச்சை இழுத்தான், அடுத்த வரியைச் சொன்னான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். அந்த இடைவெளியில் யாரோ கை தட்ட, கூட்டமே தட்ட ஆரம்பித்தது. மிச்ச வரி எல்லாம் கைதட்டலிலேயே முடிந்தது. கசங்கிய நாடாவைக் கையில் பிடித்தபடி மைக் செட்டுக்காரர் சொன்னார்:

"சேச்சி, பாட்டே அப்படித்தான்னு அவங்க நெனச்சாச்சு, கேட்டோ."

முதல் பரிசு மிமிக்ரிக் குழுவுக்குப் போனது. என் எழுத்து தேறியதற்கு ஒரே அத்தாட்சி, அடுத்த தமிழ்ப் பாட்டுக்குப் பன்னிரண்டு வரி போதும் என்று செல்வின் சொன்னதுதான்.