நேசனுக்கு அன்று தலை சுற்றவில்லை

செய்தி வந்தபோது நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், விட்பி ரயில் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். காலை ஏழேகால் இருக்கும். நண்பன் ஜெயம் தொலைபேசி எடுத்தான். அந்த நேரத்தில் எடுக்கிற ஆள் அல்ல அவன். "சந்திரன், நேசன் எங்களை விட்டிட்டுப் போட்டான்ரா," என்றான். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தானாம். ஐம்பத்தொன்பது வயது. ரயில் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை. மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது.

மத்தியானம் அவனுடைய மகள் அபிராமி எடுத்தாள். அழுது களைத்த குரல். மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தாள். "அங்கிள், சிவநேசன் எண்டு மட்டும் போட்டா கனபேருக்கு விளங்காது. எல்லாரும் அப்பாவைப் பபா எண்டுதானே சொல்றவை. பிராக்கெற்றில அதையும் போடட்டே?" எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்களில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர் இருப்பது வழக்கம். குழந்தையாக இருந்தபோது வீட்டில் செல்லமாக வைத்த பெயர் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். "போடு பிள்ளை," என்றேன். கைக்குழந்தையைக் கூப்பிடுகிற பபா என்ற பெயர் அவனுக்கு வந்தது ஐம்பத்தோராவது வயதில். வரக் காரணம் நான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் அவள்தான். ஆறு தரம் எழுதத் தொடங்கினேன். நல்ல மனிதர், பண்பாளர், உதவும் கரம் என்று ஒரு பக்கம் நிரப்புவதில் எனக்குச் சிரமம் இல்லை. எழுதிவிட்டு எழும்பி நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன், கிழிக்கிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற நீங்கள் எல்லோரும் அவனைத் தெரிந்தவர்கள். பாதிப்பேர் அவனைப் பபா என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள். உங்களிடம் ஒன்று சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு வழியில்லை.

வோபர்ன் பகுதியில் ஒரே கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் நானும் ஏழாம் மாடியில் அவனும் இருந்த காலத்தில் பழக்கம். கோடையில் புல் வெட்டுவான், மாரியில் பனி தள்ளுவான். வீட்டு வாசலில் தள்ளுகிற வேலை அல்ல. கடைத்தொகுதிகளின் கார்த் தரிப்பிடங்கள், தொழிற்சாலைகளின் தட்டையான கூரைகள். ஒரு சனிக்கிழமை ஆள் வராததால் என்னைக் கூரைக்குக் கூட்டிப்போனான். நான் பனி அள்ளுகிற சவலை எடுத்துக்கொண்டு நேரே ஓரத்துக்கு நடந்தேன். பின்னாலிருந்து என் ஜக்கெற்றைப் பிடித்து நிறுத்தினான். சவல் காம்பைத் திருப்பி எனக்கு முன்னால் குத்தினான். காம்பு முழுவதும் உள்ளே போனது, எதிலும் முட்டவில்லை. "கூரையில விழுற ஸ்னோ எப்பவும் கூரையைவிடப் பெரிசு, சந்திரன்," என்றான். வெள்ளையாய்த் தெரிகிற இடமெல்லாம் கூரை என்று நினைக்கக்கூடாது, காற்று அதை வெளியே நீட்டி வைத்திருக்கும் என்று விளக்கினான். நான் தலையாட்டினேன். அந்த வேலைக்கு மறுபடி போகாததால் அதை மறந்தும்போனேன்.

பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கொரு பக்கமாக வீடு வாங்கிப் போன பிறகும் நாங்கள் நான்குபேர், நேசன், ஜெயம், குகன், நான், சனிக்கிழமை காலைகளில் சேர்ந்து நடப்போம். றொக்கி மலைக்குப் போவோம் என்ற யோசனை என்னுடையது. படம் பார்த்தது நான், மலைமுகட்டு வழியைத் தெரிந்தெடுத்தது நான், தலைவர் மாதிரி கட்டளை போட்டதும் நான்தான். ஜூலை மாதம். கல்கரியில் இறங்கி, வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மோட்டல் அறையில் புட்டு அவித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். வழி தொடங்குகிற இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. மேலே முகட்டில் இன்னும் பனி கிடக்கிறது, உரிய சாமான் இல்லாமல் போகவேண்டாம் என்று எழுதியிருந்தது. குகன் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தான். "முப்பது வருசமா ஸ்னோ தள்ளுறம். எங்களுக்கே சொல்லுறாங்கள்?"

நாங்கள் செய்த பிழை அதுதான். ரொறன்ரோவில் மாரிக்கு மாரி முதுகு முறிய வாசலைத் துப்புரவாக்கியவர்களுக்குப் பனியைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை என்று நினைத்தோம். வீட்டிலிருந்து கொண்டுபோன மாரிச் சப்பாத்துகளைக் கோடை வெயிலில் மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்து ஏறினோம். சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு இரண்டு இளம்பெண்கள் எங்களைக் கடந்து இறங்கினார்கள். "பாவங்கள், ஸ்னோ பாக்காத ஊர்ப் பிள்ளையள் போல," என்றான் ஜெயம். எல்லோரும் சிரித்தோம், நேசனைத் தவிர. அவன் திரும்பி நின்று அந்தப் பெண்களின் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகடு ஒரு நீண்ட சுவர் போல இருந்தது. இடது பக்கம் சரிவாகக் கற்கள். வலது பக்கம் பனி, மட்டமாக, பளபளவென்று, யாரோ எங்களுக்காகப் போட்டுவைத்த ஒற்றையடிப் பாதை மாதிரி. அதற்கு அப்பால் வானம். ஜெயமும் குகனும் முன்னால் போய் ஒரு பாறைத் திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள். கற்கள் காலைக் குத்தின. நான் பனியில் ஏறி நடந்தேன். நேசன் கல்லிலேயே வந்தான், கையிலிருந்த தடியால் பனியின் ஓரத்தைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு.

"சந்திரன், கல்லுக்கு வா."

"கல்லு குத்துதடா."

"குத்தட்டும். வா எண்டுறன்."

அவன் எனக்குக் கட்டளை போட்டது பிடிக்கவில்லை. பள்ளத்தாக்கை ஒரு படம் எடுக்கவேண்டும் என்று இன்னும் நாலு அடி வெளியே போனேன். "டேய் விசரா, நில்லடா!" என்று கத்தினான். முப்பது வருடத்தில் அவன் என்னைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. நான் வேண்டுமென்றே திரும்பவில்லை. தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தேன். அடுத்ததாகத் தெரிந்தது என் கணுக்காலில் ஒரு பிடி. பனியில் குப்புறப் படுத்து, கைகால்களை அகட்டி, ஊர்ந்து வந்திருக்கிறான். இழுத்தான். அவன் பக்கமாக முகம் அடிபட விழுந்தேன். ஏசுவதற்கு வாயைத் திறந்தேன்.

நான் நின்ற இடம் இல்லை. சத்தமே வரவில்லை. பனியில் மேசை அளவுக்கு ஒரு துண்டு போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகக் கீழே, மிகக் கீழே, மரங்கள் தெரிந்தன. முப்பது வருடமாக நாங்கள் தள்ளிய பனிக்கெல்லாம் அடியில் தரை இருந்தது.

"எழும்பாதை. தவழு," என்றான் நேசன். தவழ்ந்தோம். கல்லை முதலில் தொட்டவன் நான். தொட்ட உடனே எழும்பி, உடம்பைத் தட்டி, மனிதன் மாதிரி நின்றுகொண்டேன். அவன் இன்னும் பனியில் தவழ்ந்துகொண்டிருந்தான். அப்போதுதான் மற்ற இருவரும் எங்களைத் தேடித் திரும்பி வந்தார்கள். நான் நிமிர்ந்து நிற்கிறேன், நேசன் நாலு காலில் வருகிறான். குகன் உடனே வீடியோ எடுக்கத் தொடங்கினான். "என்னடா நடந்தது இவனுக்கு?" என்று ஜெயம் கேட்டான்.

"தலை சுத்திப்போட்டுது," என்றேன் நான். யோசித்துச் சொல்லவில்லை. என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. எல்லாம் தெரிந்தவனாக அவர்களைக் கூட்டிவந்த நான், குழந்தைப்பிள்ளைத்தனமாகப் பிடிவாதம் பிடித்து விழப்போனேன் என்று எப்படிச் சொல்வேன்? நேசன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு, "ஓமடா, சுத்தினதுதான். இனிக் காணும், இறங்குவம்," என்றான். அவர்களையும் பனியில் கால் வைக்க விடாமல் கல்லோடு கல்லாக இறக்கிக்கொண்டு வந்தான். பயத்தில் இறக்குகிறான் என்று வழியெல்லாம் பகிடி பண்ணினார்கள். "பபா தவழுது, பபா தவழுது" என்று குகன் ராகம் போட்டான். நானும் சேர்ந்து பாடினேன்.

வீடியோ ரொறன்ரோவுக்கு எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. அதைக் கதையாக்கியது நான். பிறந்தநாள் விழா, வீடு குடிபுகுதல், கல்யாணம், எங்கே மைக் கிடைத்தாலும் சொன்னேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டினேன். நேசன் அம்மா அம்மா என்று அழுதான் என்றுகூட ஒரு தரம் சொன்னேன். யூனியன்வில்லில் என் மகளின் கல்யாண வரவேற்பில் முந்நூறு பேர் சிரித்தார்கள். அவன் முன்வரிசையில் இருந்து எல்லோரோடும் கைதட்டினான்.

அந்த வரவேற்பு முடிந்த அடுத்த வாரம் காரில் நாங்கள் இருவரும் தனியாகப் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்குள் ஏதோ குத்தியது. "நேசன், அந்த மலைக்கதை... நீ ஏன்ரா ஒருநாளும் உண்மையைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். வீதியைப் பார்த்தபடி சொன்னான். "ஆக்கள் சிரிக்கினம்தானே. விடு. நீ விழுந்திருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்கமாட்டினம்." சரி, இனி நான் சொல்லிவிடுகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "நீ பெரிய ஆள்தான்ரா," என்று ஒரு பகிடியை விட்டுவிட்டு வானொலிச் சத்தத்தைக் கூட்டினேன். கதையை நிறுத்தவும் இல்லை.

போன புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். மலருக்கு எழுதியதை அச்சுக்குப் போகமுன் அவன் மனைவி மாலதிக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். அவன் அவளிடமாவது சொல்லியிருப்பான், தெரியும் அண்ணை என்று அவள் சொல்லிவிடுவாள், என் பாரம் குறையும். அந்த ஆசையும் இருந்தது, மறைக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வாசித்து முடிந்ததும் தன் தொலைபேசியில் அந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். பன்னிரண்டு விநாடி. மூன்று தரம் ஓடவிட்டாள். நேசன் தவழ்கிறான், குகன் சிரிக்கிறான், படத்தின் இடது மூலையில் உடைந்த விளிம்பு, அதற்கு அப்பால் வெறும் காற்று. எட்டு வருடமாக எத்தனையோ பேர் பார்த்தோம். அந்த மூலையை ஒருவரும் பார்க்கவில்லை.

"நானும் சிரிச்சனான்," என்றாள் மாலதி. "சாப்பிட வாங்கோ பபா எண்டு அவரை நக்கலடிச்சனான். என்னட்டைக்கூடச் சொல்லேல்லை அந்த மனிசன்." எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"மாலதி, அந்தப் பெயரை மலரில இருந்து எடுத்துவிடச் சொல்லுறன்."

"பெயரை இனி எடுக்க ஏலாது, அண்ணை. ஊர் முழுக்கப் போட்டுது. நீங்கள் அந்தக் கதையை எடுங்கோ. ஆக்களுக்கு முன்னால மைக் பிடிச்சுச் சொன்னீங்கள்தானே? ஆக்களுக்கு முன்னாலயே எடுங்கோ."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. இந்தப் பக்கத்தை அப்படியே போடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் மண்டபத்தில், சாப்பாட்டுக்கு முன், நான் மைக்கைப் பிடித்து இதையே சொல்வேன். முந்திய தடவைகளைப் போல நன்றாகச் சொல்ல வராது. அன்று பயந்தவன் நேசன் அல்ல, நான். முகட்டிலும் பயந்தேன், இறங்கிய பிறகு எட்டு வருடமும் பயந்தேன்.

அவனிடமிருந்து உங்களுக்கு மிஞ்சியிருப்பதை நீங்கள் சொல்வீர்கள். அவன் வாசலில் தள்ளித் தந்த பனி, அவசரத்துக்கு ஓடிவந்த கார், அந்த வெள்ளைச் சிரிப்பு. என்னிடம் இருப்பது எட்டு வருடம். மகளின் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்தேன். பேரனைக் கையில் வாங்கினேன். சும்மா அலுத்துக்கொண்டு கழித்த நூற்றுக்கணக்கான திங்கட்கிழமைகளும் அதில் அடக்கம். அவன் இறந்துவிட்டான் என்று கேட்க நான் உயிரோடு இருந்ததும் அவன் தந்ததுதான். பதிலுக்கு நான் அவனுக்குக் கொடுத்தது ஒரு பட்டப்பெயர்.