நாய் உட்கார்ந்த இடம்

நேற்று மகள் போனில் ஒரு படம் காட்டினாள். துண்டால் முகத்தை மூடிய ஒருவனைப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போகிறார்கள். அவன் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. "சும்மாவா புடிப்பாகப்பா?" என்றாள். நான் அந்த ஒற்றைச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே வார்த்தையை நாரணாபுரம் டீக்கடையில் தினம் கேட்டிருக்கிறேன். சொன்னவன் பால்ராஜ். அச்சாபீசில் மிஷின் ஓட்டுபவன், எனக்குப் பன்னிரண்டு வருஷக் கூட்டாளி. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பேப்பரை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிடும். அதனால் அவன் வாசிப்பான், நான் கேட்பேன். எங்கோ குண்டு வெடித்து நாலு பேரைப் பிடித்தார்கள் என்றால் அவனுக்குக் குரல் ஏறும். "மூஞ்சிய மூடுறான் பாருலே. தப்புப் பண்ணாதவன் எதுக்கு மூடணும்? சும்மாவா புடிப்பாக?" நானும் தலையாட்டுவேன். தலையாட்டப் படிப்பு வேண்டியதில்லை. ஒருநாள் வடை மடித்துத் தந்த தாளில், அப்படிப் பிடிபட்ட ஒருத்தரைக் கோர்ட்டு விடுவித்ததாகச் சின்னதாகப் போட்டிருந்தது. படித்துவிட்டு அதிலேயே கையைத் துடைத்துப் போட்டேன்.

கை என்றதும் வாடை ஞாபகம் வருகிறது. நான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவனாக இருந்தேன். மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கிற பொடி. அலுமினியத் தூள் நகக்கண்ணில் வெள்ளியாக மினுங்கும். கந்தக வாடை எந்தச் சோப்புக்கும் போகாது. நான் வாசலில் கால் வைத்தாலே, "தீவாளி வந்துருச்சு" என்பாள் மனைவி.

அப்போது மகளுக்கு ஐந்து வயது. இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. மனைவி முதல்நாளே அவளை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். மறுநாள் மதியம் ஆபரேஷன். அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் கையெழுத்து வரும், பெரிய ஆட்கள் முன்னால் பேச்சுதான் வராது. "நீ கையெழுத்த மட்டும் போடுலே, பேசுறத நான் பாத்துக்கிறேன்" என்று பால்ராஜ் கூட வந்தான்.

விருதுநகர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றோம். அந்த வாரம் வடக்கே எங்கோ குண்டு வெடித்திருந்தது. போலீஸ் நாய் ஒன்று ஒவ்வொருவராக மோந்துகொண்டே வந்தது. என் முன்னால் வந்ததும் உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை. ரொம்ப நாள் பழகியதுபோல என்னையே பார்த்தது.

போலீஸ்காரர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். "என்னலே நகம் மினுங்குது?"

பேச வந்தவன் சொல்வான் என்று பால்ராஜைப் பார்த்தேன். போலீஸ்காரர் அவன் பக்கம் திரும்பி, "நீ இவன்கூட வந்தவனா?" என்றார்.

"இல்ல சார். பக்கத்துல நின்னாரு, அம்புட்டுத்தான். யாருன்னே தெரியாது."

பன்னிரண்டு வருஷத்தில் பால்ராஜ் எனக்கு மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான்.

என்னை இழுத்துப்போகும்போது ஒரு செருப்பு கழன்று தண்டவாளத்தில் விழுந்தது. பிளாட்பாரமே பார்த்தது. என் துண்டை நானே எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். தப்புப் பண்ணாதவன் எதற்கு மூடுவான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ரயில் போய்விட்டது. கம்பெனி போர்மேன் போனில், "நம்ம மருந்து ரூம் ஆளுதான் சார்" என்று சொன்ன பிறகு விட்டார்கள். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பியிருந்தார். "காலையிலருந்து பிள்ளையப் பட்டினி போட்டு வச்சிருக்கேன். எங்கன போனீக?" என்றாள் மனைவி. ரயிலை விட்டுவிட்டேன் என்றேன். ஆபரேஷன் மறுவாரம்தான் நடந்தது.

ஊருக்கு வந்ததும் டீக்கடைக்குப் போனேன். "பயந்துட்டேன்லே" என்று பால்ராஜ் ஒரு வார்த்தை சொன்னால் சிரித்துவிடலாம் என்றுதான் போனேன். டீ மாஸ்டர், "என்ன அண்ணாச்சி, ஒங்கள நாய் புடிச்சுக் குடுத்துருச்சாமே" என்றார். பெஞ்சில் இருந்த ஒருத்தர், "நாய் சும்மாவா புடிக்கும்?" என்றார். கடையே சிரித்தது. அன்றைக்கு ஸ்டேஷனில் எங்கள் ஊர் ஆள் பால்ராஜைத் தவிர யாருமில்லை. அவன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அவன் பயத்தில் 'தெரியாது' என்றதை மனசுக்குள் ஆற்றிக்கொண்டேன். இங்கே வந்து அதைக் கதையாகச் சொன்னதைத்தான் ஆற்ற முடியவில்லை.

அந்த டீக்கடை இப்போது ரீசார்ஜ் கடை. நான் மருந்து ரூமை விட்டு பேப்பர் குடோன் வாட்ச்மேனாகி வெகு நாளாகிறது. வாடை போய்விட்டது, ஸ்டேஷனில் நாய் என்னைத் தாண்டிப் போகிறது. மகளிடம் நேற்று, "எனக்கும் ஒருதரம் ஒத்தச் செருப்புத் தொலைஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னேன். "எங்கனப்பா?" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

பால்ராஜை எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். "நல்லா இருக்கீகளா?" என்பான். என்னை 'ஏலே' என்று கூப்பிட இப்போது ஆள் இல்லை.