இரண்டாவது இறுக்கு

புதுக்குடியிருப்பில் ரயர் கடை வைத்திருந்த அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் நீளக் கைபிடி போட்ட வீல் ஸ்பனர் ஒன்று சாத்தியிருக்கும். கடையில் வேலைக்கு நின்ற நான்கூட அதைத் தொடக்கூடாது. அது ஒரு டிப்பர் சாரதிக்கென்றே வைத்தது. அவருடைய வாகனம் வந்து நின்றால், சில்லில் பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அக்கா அதைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிடுவார்.

நான் சேர்வதற்கு முன்பு நடந்த கதை. அக்காவின் கணவர் அந்த டிப்பருக்குச் சில்லு மாட்டிவிட்டு, முதல் லோட் இறக்கியதும் வந்து நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். கழற்றி மாட்டிய சில்லு கொஞ்சத் தூரம் ஓடினால் நட்டு இளகும். இரண்டாவது இறுக்கு அதற்குத்தான். சாரதியோ லோட் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நிற்காமல் கடையைத் தாண்டினார். கழன்ற சில்லு கடை வாசலில் நின்ற அந்த மனிதரையே அடித்துக் கொன்றது. வழக்கில் சாரதிக்காக அக்காவே இரங்கிப் பேசி, அவர் சிறைக்குப் போகாமல் காப்பாற்றினாராம். ஊர் அக்காவைத் தெய்வம் என்றது. எனக்கு எரிச்சல்தான் வரும். மறியல் என்றால் என்றோ ஒரு நாள் முடிந்திருக்கும்.

வரும்போதெல்லாம் சாரதி நட்டுகளை இளக்கி, சில்லை ஜாக்கில் ஏற்றி, அவற்றைக் கழற்றி மறுபடி முதலில் விரலால் பூட்ட வேண்டும். பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஜாக்கை இறக்கிவிட்டுக் கடைசி இறுக்கு. கைபிடியில் ஏறி மிதித்தால், நட்டு ஏறும் ஸ்டட் ஆணி இழுபட்டுவிடும் என்று அக்கா முதலிலிருந்து தொடங்க வைப்பார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு நட்டுக்கும், தன் கணவரின் உடம்பு எப்படிக் கிடந்தது என்று பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் சனத்துக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பார். மண்டை, விலா, கை. சாரதி அடுத்த நட்டுக்குப் போவார்.

சாரதியின் மகளுக்குக் கலியாணம் பேசியபோது, ஆளைக் கொன்ற வீடு என்று மாப்பிள்ளை வீட்டார் இழுத்தடித்தார்கள். அக்கா ஒருமுறை வந்து சபையில் நின்றால் போதும் என்று, வெற்றிலைத் தட்டோடு வந்து கெஞ்சினார் அவர். அக்கா தட்டைப் பார்க்கவேயில்லை.

"வந்த வேலையைப் பார்."

அவர் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு ஸ்பனரை எடுத்தார். கலியாணம் குழம்பிப்போனது.

அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிசன் வேண்டுமென்றா செய்தான் என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"பிழை என்ர மனிசனிலயும்தான் தம்பி. றிம்முக்கு அடிச்ச பெயின்ற் காய முதலே நட்டைப் பூட்டினவர். ஈரப் பெயின்றுக்கு மேல நட்டு நிக்குமே?"

பிறகு ஏன் இவரை வதைக்கிறீர்கள் என்றேன்.

"செத்த மனிசனை ஏச ஏலாது. ஏசாமலும் என்னால இருக்க ஏலாது."

அன்றே சாரதியிடம் அந்தப் பெயின்ற் விசயத்தைச் சொன்னேன். "அவர் நிக்கச் சொன்னவர். நான் நிக்கேல்லைத்தானே," என்றார்.

இப்போது எனக்கு ஒட்டுசுட்டானில் சொந்தக் கடை. அண்மையில் அக்காவைப் பார்க்கப் போனேன். கண் நன்றாக மங்கிவிட்டது. என்னை யாரென்று அறிந்தும் ஒரு தலையசைப்போடு சரி. சாரதியின் மகள் இன்னும் கலியாணமில்லாமல் வீட்டோடுதான் என்று நான் சொன்னதற்கும் அதே தலையசைப்புத்தான். வெளியே ஒரு டிப்பர் வந்து நின்ற சத்தம் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்தார்.

"அவனோ?"

ஓம் என்றேன். பிள்ளையைக் கண்ட தாய்க்குக்கூட அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை.