அமலா கையெழுத்துப் போடாத சார்ட்

அமலா இறந்துவிட்டாளாம். போன செவ்வாய்க்கிழமை.

இன்று காலை முருகேசன் அண்ணன் போன் செய்து சொன்னார். எங்கள் பழைய கம்பெனியில் பாய்லர் பார்த்தவர். அடக்கமெல்லாம் முடிந்து நாலு நாளாகிவிட்டது... எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கே என் நண்பர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. அவள் பேஸ்புக்கில் இல்லை. என்னிடம் அவள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், அலங்காநல்லூர் ரோட்டில் மல்லிகைப் பூவிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்கும் ஒரு கம்பெனி. லேபில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ஒரே வயது. அவள் பசுமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள்.

நாள் முழுக்க மல்லிகை வாசனை. புடவையில், டிபன் பாக்ஸில்கூட. "ஏ வசந்தி, எங்கம்மா இன்னைக்கும் தலையில பூவ வச்சுவிட்டாங்கடி. தெரு தாண்டுனதும் எடுத்துட்டேன்" என்று சிரிப்பாள்.

ஜி.சி. என்று ஒரு மெஷின். எண்ணெயை ஒரு துளிக்கும் குறைவாக ஊசியால் உள்ளே செலுத்தினால், அதிலிருக்கும் பொருட்கள் ஒரு நீளமான குழாய்க்குள் ஓடி, ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு என்று பேனா சார்ட்டில் வரைந்துகொண்டே போகும். அந்தச் சார்ட்டில் நாங்கள் கையெழுத்துப் போட்டால்தான் எண்ணெய் வெளிநாட்டுக்குப் போகும்.

பழைய குழாய் தடியானது. பத்துப் பதினைந்து முகடுதான் வரும், அதுவும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு.

பிறகு கேபிலரி குழாய் வந்து இறங்கியது. தலைமுடி மாதிரி மெல்லிசு, முப்பது மீட்டர் நீளம், வளையமாகச் சுற்றி... அமலா இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தாள். மூச்சுக்கூட விடவில்லை.

முதல் சார்ட்டில் நூறு முகட்டுக்கு மேல். "இம்புட்டு இருந்துச்சாடி இதுக்குள்ள!" என்றாள். பேப்பரைத் தரையில் விரித்து, இருவரும் மண்டியிட்டு எண்ணினோம். அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

அந்த மழைக்காலத்தில் பூ வரத்துக் குறைவு. அனுப்பத் தயாராக இருந்த ஒரு டின் எண்ணெயை அமலா புதுக் குழாயில் போட்டுப் பார்த்தாள். மல்லிகையில் இல்லவே இல்லாத ஒரு முகடு நெட்டையாக நின்றது. பழைய குழாயில் அது வேறொரு முகட்டுக்குள் மறைந்துபோகும்.

மூன்று தடவை போட்டாள். அதேதான். மறுநாள் கையளவு பூவை எடுத்துவந்து, தானே சாறெடுத்து, அதையும் போட்டாள். அதில் அந்த முகடு இல்லை.

யாரோ கலந்திருக்கிறார்கள்.

மேனேஜர் சார்ட்டைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "பழைய குழாயவே மாட்டி ஒண்ணு எடுத்துக் குடும்மா. அதுல நல்லாத்தான வரும்?"

"வரும் சார். ஆனா நான் இதப் பாத்துட்டேனே."

"பாத்தா என்ன?"

"பாத்துட்டு எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

நான் போட்டேன். பழைய குழாயை மாட்டி, சார்ட் எடுத்து, என் கையெழுத்தைப் போட்டேன். அமலா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

அப்போது அப்பா படுத்த படுக்கையாக இருந்தார்... அது உண்மைதான். ஆனால் அந்த நிமிஷம் அப்பாவை நினைத்தேனா என்றால், இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார், போட்டுவிட்டேன்.

எண்ணெய் கப்பலேறியது. எந்தப் புகாரும் வரவில்லை.

அதற்கப்புறம் சார்ட் எல்லாம் என் மேஜைக்கே வந்தது. அமலாவுக்குப் பாட்டில் கழுவுகிற வேலை. அவளோடு பேசினால் மேனேஜருக்குப் பிடிக்காது என்று கம்பெனி முழுக்கப் புரிந்துவிட்டது. முருகேசன் அண்ணன் மட்டும் பேசுவார்.

நானும் பேசவில்லை. மேனேஜர் மேலிருந்த பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அது போகவில்லை. மத்தியானம் நான் டைப்பிஸ்ட் பெண்களோடு சாப்பிடப் போய்விடுவேன். அவள் லேபிலேயே தனியாக.

ஒரு நாள் நேராக வந்து கேட்டாள். "நீ போட்டது தப்புன்னு நான் ஒரு வார்த்த சொன்னேனாடி? அப்புறம் ஏன் எங்கூடப் பேச மாட்டேங்கிற?"

ஏதோ பாட்டிலைத் தேடுவதுபோல அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

ஒன்றரை வருஷம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாள் எல்லோரிடமும் "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். நான் அன்றைக்கு லீவு. வேண்டுமென்றே.

அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில்.

நான் ஜன்னல் சீட்டில். அவள் கீழே. "வசந்தி... ஏ வசந்தி!" என்று கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தாள். சிரித்த முகம். நான் குனிந்து டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.

அடக்கத்துக்குக் கூட்டம் இருந்ததா என்று முருகேசன் அண்ணனிடம் கேட்டேன்.

"கூட்டம் எங்கேம்மா... பத்துப் பேர் இருந்திருப்போம். அது கல்யாணமும் பண்ணிக்கலைல. ஸ்கூல்லருந்து டீச்சருங்க ரெண்டு பேர் வந்தாக." அப்புறம் சொன்னார். "எப்பப் பாத்தாலும் ஒன்னயத்தாம்மா விசாரிக்கும். வசந்தி நல்லா இருக்காளாண்ணேன்னு."

போனை வைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். யாரிடம் போய்ச் சொல்ல...

அமலா, அன்னைக்கு நீ பஸ் ஸ்டாண்டுல கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சுடி.

பாத்துப் போ.