லயத்துக்கு எத்தனை சுவர்?

போன வருடம் தீபாவளிக்கு முந்திய மழை நாட்கள். மலைச்சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளை ஆய்வு செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில், பதுளையில், எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது. களத்தில் கேட்டு வந்த பதில்களைக் கணினியில் போட்டுக் கணக்குப் பார்ப்பதுதான் வேலை. நான் பிறந்து வளர்ந்தது பதுளைக் கடைத்தெருவில். தோட்டத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அந்த மென்பொருளுக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். சும்மா கூட்டிக் கழித்துச் சொல்லாது. எந்தத் தோட்டம், அதில் எந்த லயம், அதாவது எந்த வீட்டு வரிசை என்றெல்லாம் முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் எடுத்த பதில்கள் ஒன்றுபோல இருந்தால், அத்தனையையும் ஏறக்குறைய ஒரே ஆளின் பதிலாகத்தான் மதிக்கும். சுவர் வெடிப்பு பற்றிய கேள்வியில்தான் வம்பு வந்தது. ஒரு லயத்தில் எல்லாரும் 'ஆம்'. அடுத்த லயத்தில் எல்லாரும் 'இல்லை'. ஒருவர்கூட மாறிச் சொல்லவில்லை. அவ்வளவு பேரைக் கேட்டிருந்தும், இந்த விடையை நம்பாதே என்கிற மாதிரி பிழையின் அளவு பெரிதாக வந்து நின்றது.

நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே விடை. மண்டை காய்ந்துவிட்டது.

எங்கள் பொறுப்பாளர் வந்து எட்டிப் பார்த்தார். "கேக்கப் போனவங்க ஒரு வீட்டுல கேட்டுட்டு மத்ததெல்லாம் டீக்கடையில உக்காந்து நிரப்பியிருக்காங்க மிஸ். இந்த லயங்களத் தூக்கிருங்க" என்றார். தூக்கினால் கணக்கு சுத்தமாகிவிடும். ஆனால் யாரை முதலில் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவது என்று இந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவள் நான். அழிக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டம். மழையில் வழுக்கி வழுக்கி ஏறி, 'ஆம்' என்று சொன்ன லயத்தின் நடுவில் ஒரு கதவைத் தட்டினேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த ஓர் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்புகூட உதிரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொறுப்பாளர் சொன்னதுதான் சரிபோல!

"வெடிப்பு இருக்குன்னு சொல்லியிருக்கீங்களே அக்கா, எங்க?"

"இங்க இல்லீங்க மிஸ். வாங்க, காட்டுறேன்."

வரிசையின் கடைசிக் கதவுக்குக் கூட்டிப்போனார். உள்ளே, கூரையிலிருந்து தரை வரைக்கும் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் கட்டியிருந்த தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆனா இது உங்க வீடு இல்லையே அக்கா?"

"எங்க காம்பரா அங்கதான். லயத்துல வெடிப்பு இருக்கான்னுதானே கேட்டாங்க? இருக்குதானே?"

அப்போதுதான் விளங்கியது. தோட்டத்து மக்களுக்குப் புரியட்டும் என்று எங்கள் அலுவலகத்தில் கேள்வியிலிருந்த 'வீடு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'லயம்' என்று போட்டிருந்தார்கள். டவுன்காரர்களான எங்கள் பேச்சில் வரிசையும் லயம்தான், அதிலுள்ள தனி வீடும் லயம்தான். அவர்களுக்கோ லயம் என்பது வரிசை முழுவதும். ஒரு குடும்பம் இருக்கிற இடம் காம்பரா. யாரும் பொய் சொல்லவில்லை.

அப்பாடா என்றிருந்தது. "அப்ப உங்க காம்பராவுக்கு 'இல்லை'ன்னு மாத்திரவா?" என்று கேட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது.

"மாத்துனா அவங்கள மட்டும் கூட்டிப்போயிட்டு எங்கள இங்கயே விட்டுருவாங்களா? எல்லாம் ஒரே சுவரு மிஸ். அந்த முனை போனா இந்த முனை நிக்குமா?"

அவர் சொன்னதும் உண்மை, என் கண் பார்த்ததும் உண்மை. பஸ்ஸில் திரும்பும்போது இன்னொன்றும் உறைத்தது. நான் திட்டித் தீர்த்த அந்த மென்பொருளும் இதைத்தானே சொன்னது? இவர்கள் பல பேர் இல்லை, ஒரே ஆள் என்று.

லயங்களை அழிக்கவில்லை. காம்பரா என்று தனியாக இன்னொரு கேள்வி சேர்த்து, எல்லா லயங்களிலும் மறுபடி கேட்டோம். இரண்டு விடைகளையும் அறிக்கையில் போட்டோம். அடுத்த மழைக்கு முன்பே முனைக் காம்பராக் குடும்பத்தைத் தொட்டிலோடு வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டதும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அக்காவும் மற்றவர்களும் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள்.

நான் கேட்ட கேள்வி ஒரு குழந்தையைக் காப்பாற்றியதா, ஒரு சுவரை இரண்டாகப் பிரித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பதுளையில் மழை பிடித்தால் முதலில் அந்த அக்காவுக்குத்தான் போன் போடுகிறேன்.