குண்டா பொருந்தாத அடுப்பு

1. அளவெடுக்கப் போன வீடு

சேலத்தில் மாடுலர் கிச்சன் செய்யும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என் கையில் ஒரு ஸ்டீல் டேப்பைக் கொடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர். "மேரியக்கா, எந்தச் சுவரும் நேரா இருக்காது. மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல அளந்து பாருங்க. எது கம்மியோ அதை எழுதுங்க" என்றார். இத்தனை வருடத்தில் இதைவிடப் பயனுள்ள பாடத்தை இந்தத் தொழிலில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

என் கணவர் இறந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். குழந்தைகள் இல்லை. சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். பகலெல்லாம் அடுத்தவர் சமையலறைகளை அளந்துகொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

திருச்செங்கோட்டில் ராமசாமி அண்ணன் வீட்டுக்குப் போனது ஒரு காலை நேரம். அவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். போர்வெல் ரிக் வண்டியில் வெளி மாநிலங்களுக்குப் போய் வந்தவர். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் கவிதா ஆஸ்திரேலியாவில். ஆர்டர் கொடுத்தது கவிதாதான். நான் வீடியோ காலில் செல்போனைப் பிடித்தபடி சமையலறையைச் சுற்றிக் காட்டினேன். அந்தப் பெண் அங்கிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். மேடையில் பதிக்கும் நாலு பர்னர் கண்ணாடி அடுப்பு, அதாவது ஹாப், மேலே சிம்னி, சுவரோரம் ஆளுயர அலமாரி, எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கதவு. பழைய மேடை அவள் அம்மா உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டியது. அதை இடித்துவிட வேண்டும்.

பெரியவர் ஹாலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

"உங்களுக்கு ஏதாவது மாத்தணுமாண்ணா?" என்று கேட்டேன்.

"பாப்பா சொல்றபடியே செஞ்சுருங்க" என்றார். "எனக்கென்னங்க, மெஸ்ஸுல சாப்புட்டுக்கறேன்."

கவிதா பிறகு என்னிடம் தனியாகப் பேசினாள். "அக்கா, அப்பா சரியாவே சாப்பிடறதில்ல. கிச்சன் நல்லா இருந்தா சமையலுக்கு ஒரு ஆள் வெச்சுடலாம். அதுக்கும் ஒத்துக்கலைன்னா கோயம்புத்தூர்ல ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். எனக்கு வேற வழி தெரியலக்கா." அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து அவளால் செய்ய முடிந்தது, ஒரு சமையலறையைக் கட்டிக்கொடுப்பதுதான்.

மேடையை இடித்த அன்று பெரியவர் வீட்டில் இல்லை. சத்தம் கேட்க முடியாமல் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

2. கம்ப்ளைன்ட்

வேலையை முடித்து ஹேண்டோவர் கொடுத்துச் சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. "அடுப்பு சரியில்லீங்க." டெக்னீஷியன் போனார். நாலு பர்னரும் நீலமாக எரிந்தன. ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் மறுபடியும் போன். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை வந்ததும் முதலாளி சலித்துக்கொண்டார்.

"பேச்சுத் துணைக்குக் கூப்பிடறாருக்கா. இனிமே போக வேண்டாம். இவ்வளவு கம்ப்ளைன்ட் வருதுன்னு அவர் பொண்ணுக்கே மெசேஜ் போட்டுடலாம்."

அந்த மெசேஜ் போனால் கவிதா என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியும். "இந்த ஒரு தடவை நான் போயிட்டு வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத் திருச்செங்கோடு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த பெரியவர், டெக்னீஷியன் வராமல் நான் வந்ததைப் பார்த்துத் தயங்கினார்.

"அடுப்புல என்னண்ணா கோளாறு? எங்கிட்டச் சொல்லுங்க."

பின்கட்டுக்குப் போனார். ஒரு பெரிய அலுமினியக் குண்டாவைத் தூக்கிவந்தார். ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்கு ரசம் வைக்கலாம், அவ்வளவு பெரியது. அடியெல்லாம் கரி ஏறி, விளிம்பு நசுங்கியிருந்தது. அதை ஹாப் மேல் வைத்தார். நாலு பர்னரும் மறைந்துபோயின. கரண்டியைவிட்டுத் துழாவிக் காட்டினார். கரண்டிக் காம்பு சிம்னியில் போய் இடித்தது.

"இதுதானுங்க கோளாறு" என்றார்.

"ஐயோ அண்ணா, கண்ணாடி உடைஞ்சுரும். இறக்குங்க முதல்ல. இவ்வளவு பெருசுல யாருக்குச் சமைக்கறீங்க?"

குண்டாவைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"நான் ரிக்குல டிரில்லர் இல்லீங்க அம்மணி. சமையக்காரன். சத்தீஸ்கர், ஆந்திரான்னு எங்க பைப் எறக்குனாலும் வண்டி ஆளுக அத்தன பேருக்கும் நாந்தான் சோறு ஆக்கோணும். காத்துல, மழையில, வெட்டவெளியில ஆக்கியிருக்கறேன். பாப்பாவுக்கு இது தெரியாதுங்க. அவளைப் பெரிய எடத்துல கட்டிக் குடுத்தோம். அப்பன் சமையக்காரன்னு எதுக்குச் சொல்லோணும்னு உட்டுட்டோம்."

"வீட்டுல சமைச்சதே இல்லையா?"

"என்ற ஊட்டுக்காரி உடமாட்டா. 'ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டது போதும், ஊட்டுக்கு வந்தா சும்மா உக்காருங்க'ம்பா. விருந்துக்கு வந்த ஒறம்பரைக்கு வெக்கற மாதிரி எனக்குத் தட்டு வெப்பா." குண்டாவின் நசுங்கிய விளிம்பைத் தடவினார். "புது அடுப்பு வந்தன்னைக்கு, சரி, இனி நாமளே ஆக்கலாம்னு ஒலை வெச்சனுங்க. கையி பழக்கத்துல அரிசியைப் போட்டுருச்சு. வெந்து பாத்தா ஒரு செட்டு ஆளு திங்கற சோறு. நான் ஒருத்தன். பூராத்தையும் நாய்க்குக் கொட்டுனேன். அப்புறம் ஒரு டம்ளர் அரிசி போட்டுப் பாத்தேன். ஒருக்கா குழையுது, ஒருக்கா தீயுது. ஒரு ஆளுக்கு ஆக்கறதுக்கு எனக்குத் தெரியலீங்க."

டெக்னீஷியனிடம் இதை எப்படிச் சொல்வார்? அடுப்பு சரியில்லை என்றுதான் சொல்ல முடிந்திருக்கிறது.

3. இரும்பு அடுப்பு

அவர் அனுமதியோடு அங்கிருந்தே கவிதாவைக் கூப்பிட்டேன். போனை அவரிடமே கொடுத்துச் சொல்லச் சொன்னேன். தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"ஏம்ப்பா எங்கிட்ட மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அழுதாள். "உங்களுக்கு என்ன அடுப்பு வேணுமோ வெச்சுக்கோங்கப்பா."

எங்கள் கடையில் அந்த மாதிரி வேலை எடுப்பதில்லை. பெரியவர் வீட்டுக்கு அடுத்தே ரிக் வண்டிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறை இருந்தது. அங்கே வெல்டிங் செய்பவரிடம் சொல்லி, இடுப்பு உயரத்துக்கு இரும்பு ஆங்கிளில் ஒரு ஸ்டாண்ட் அடித்து வாங்கினோம். சமையல் காண்ட்ராக்ட்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த ஒற்றை பர்னர் இரும்பு அடுப்பைப் பின்கட்டில் அதன்மேல் வைத்தோம். குண்டா பொருந்தி உட்கார்ந்தது.

"ஆக்கிட்டு யாருக்குண்ணா போடுவீங்க?"

அவர் காதைத் தீட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை ஆட்கள் ஹிந்தியில் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள். "சத்தீஸ்கர் பேச்சுங்க இது" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பட்டறை வாசலுக்குப் போனார். அவர் ஹிந்தி பேசி அன்றுதான் கேட்டேன். குரலே வேறாக இருந்தது. அன்று மதியம் கையில் தட்டோடு அவர்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அரிசி, பருப்பு அவர்களுடையது. ஆக்குவது இவர். அன்றிலிருந்து அப்படியே நடந்தது. கம்ப்ளைன்ட் போன் நின்றது. கோயம்புத்தூர் ஹோம் பேச்சும் நின்றது.

4. உப்பு

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக எழுதி முடித்திருப்பேன்.

அடுத்த வருடம், ஒரு இழுப்பறை ஓடும் சேனலை மாற்றுவதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். பட்டறை பூட்டியிருந்தது. வேலையில்லாத காலம் என்று ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்களாம். எப்போது வருவார்கள் என்று தெரியாதாம். பெரியவர் உள்ளே ஹாப் முன்னால் நின்று, ஒரு சின்னப் பாத்திரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி. சோறு ஒரு மாதிரி பதத்துக்கு வந்துருச்சுங்க. ரசத்துக்கு உப்புத்தான் கையில நிக்க மாட்டேங்குது. நீங்களும் ஒத்தை ஆளுதானுங்களே. எவ்வளவு போடுவீங்க?"

விரலில் அளவு காட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். காட்ட முடியவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு மசாலா டப்பா வைக்கும் இழுப்பறையை எந்த இடத்தில் வைப்பது என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். என் போர்ஷனில் இருப்பது ஒரு இன்டக்ஷன் ஸ்டவ். அதில் டீ போடுவதோடு சரி. கணவர் போனதிலிருந்து காலையில் இட்லிக் கடை, ராத்திரி மெஸ் பார்சல்.

"நான் ஆக்கறதே இல்லீங்கண்ணா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அட சாமி" என்றார் மெதுவாக. இன்னொரு தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். ரசத்தில் உப்பு கூடுதலாக இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம். அந்த வீட்டில் சுவர்க்கடிகாரச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன். புறப்படும்போது, "மறுக்கா இந்தப் பக்கம் வந்தா சொல்லிப் போட்டு வாங்க, ரெண்டு ஆளுக்கு வெச்சுப் பாக்கறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும் வழியில் பருப்பும் புளியும் வாங்கிவந்து நானும் ரசம் வைத்தேன். நன்றாக இல்லை. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சுவரை அளப்பதற்கு முன்னால், "இந்த வீட்டுல தினமும் எத்தனை பேர் சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை எண்ணுவார்கள். பண்டிகைக்கு மட்டும் வருபவர்களை எண்ணுவார்கள். போய்ச் சேர்ந்தவரையும் வாய் தவறிச் சேர்த்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்து, "நான் மட்டுந்தாங்க" என்பார்கள். அவர்கள் எண்ணி முடிக்கும்வரை டேப்பை இழுக்காமல் நில்லுங்கள்.