தலைமாட்டில் வைத்த பாட்டு

போன வெள்ளிக்கிழமை திருப்பதியிலிருந்து கிரண் வந்தான். என் மகன் முரளியின் கூட்டாளி. வந்தவன் காபிகூடக் குடிக்காமல் என் காதில் வெள்ளையாக எதையோ செருகப் பார்த்தான். எனக்குத் தலை தானாகப் பின்னால் போய்விட்டது. காதில் பஞ்சு வைக்கிற காலம் எனக்கு இன்னும் வரவில்லையப்பா என்றேன். அவன் சிரிக்கவில்லை. "அம்மா, முரளி ஆல்பம் வந்துட்ச்சி. மொதல்ல நீங்கதான் கேக்கணும்" என்றான்.

கேட்டேன். பாட்டு என்றால் யாராவது பாட வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். இதில் ஒருவரும் பாடவில்லை. டக், டக் என்று ஒன்று அடித்துக்கொண்டே போனது. அதற்கு அடியில் பாம்பு ஊர்கிற மாதிரி இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எனக்கு மாம்பழ வாடை வந்தது. காதில் கேட்டதற்கு மூக்கில் வாடை வருமா என்று கேட்காதீர்கள், வந்தது. அந்த டக் டக், டின்னுக்கு மூடி அடிக்கிற மெஷின்.

சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கிற கம்பெனியில் பல சீசன் வேலை செய்தவள் நான். முரளியின் நைனா செத்த பிறகு, வடமாலபேட்டைக்குப் பக்கத்திலிருக்கிற எங்கள் ஊரைவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். சீசனில் மாம்பால் பட்டுக் கையெல்லாம் வெந்துபோயிருக்கும். சேலையை எப்படித் துவைத்தாலும் அழுகின இனிப்பு வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு வருவேன்.

முரளி காலேஜ் படிக்கும்போது எனக்குச் சோற்று டப்பா கொண்டுவருவான். கொடுத்துவிட்டுப் போகாமல் செல்போனை அந்த மெஷினுக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்பான்.

"இந்த எரைச்சல இன்னாத்துக்குடா புட்ச்சிகினு போற? எப்போ பெல்லு அடிக்கும்னு நானே பாத்துக்கினு கீறேன்."

"நீ காதால கேக்கல மா. வவுத்தால கேக்கற."

அப்புறம் திருப்பதியில் ரூம் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் மியூசிக் செய்கிறேன் என்றான். நான் ஊருக்கே திரும்பிவிட்டேன். ஊரில் பெண்டுகள் கேட்பார்கள், "உன் மவன் மைக் செட்டாமே?" என்று. "ஆமா, உன் பொண்ணு கல்யாணத்துக்கு வருவான். மாப்ள மட்டும் நீ பாத்துக்கோ" என்பேன். அவன் செய்வது இன்னதென்று எனக்கும் தெரியாது. தெரியாததை வெளியில் காட்டாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.

ஊருக்கு வரும்போதெல்லாம் பையில் ஒரு கருப்புப் பெட்டி கொண்டுவருவான். பீடிக்கட்டு அளவுதான் இருக்கும். யாரையும் தொடவிடமாட்டான். தூங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான். தாயத்து மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் வண்டியில் படுத்து வந்தான்.

எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். செத்தவர் எதை விட்டுப் பிரியமாட்டாரோ அதைக் குழியில் கூட வைப்போம். அவன் நைனாவுக்கு வெற்றிலைப் பொட்டலம் வைத்தோம். முரளிக்கு என்ன வைப்பது என்று என் அண்ணன் கேட்டார். நான் அவன் பையைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்தேன். அவனுடைய கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தேன். தலைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். பாட்டெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தெரிந்திருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

காரியத்தன்று கிரண் வந்தான். அன்று நல்ல மழை.

"அம்மா, முரளியோட ஹார்ட் டிஸ்க் எங்க? கருப்பா, இத்தனூண்டு இருக்குமே. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல. பாட்டு மொத்தம் அதுலதான்."

"அது அவன்கிட்டதான் கீது" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அண்ணன் ஏரிக்கரை இடுகாட்டுப் பக்கம் தாடையால் காட்டினார். பையன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே தெலுங்கும் தமிழுமாகச் சொன்னான்: தண்ணீர் இறங்குவதற்குள் எடுத்தால் பெட்டி பிழைக்குமாம். இரண்டு வருஷ வேலையாம். அவன் பேர் நிற்குமாம்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இன்னாமா சொல்ற? பகல்லயே, கற்பூரம் ஏத்திட்டு, லேசா..."

எனக்கு அந்த 'லேசா' என்ற சொல்தான் பொறுக்கவில்லை.

"அண்ணா, பொட்டி அவன் தலைக்கு அடியில கீது. அத எடுக்கணும்னா தலைய தூக்கணும். யாரு தூக்கறீங்க? நீ தூக்கறியா? யப்பா கிரணு, நீ தூக்கறியா?"

கிரண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நனைந்துகொண்டே போய்விட்டான்.

அவன் மட்டும் வருஷக்கணக்காக விடவில்லை. முரளி செல்போனில் யார் யாருக்கோ அனுப்பியிருந்ததையெல்லாம் தேடிச் சேர்த்தான். ஒருவனிடம் தாளம் மட்டும் இருந்தது, ஒருவனிடம் ராகம் மட்டும். அவற்றை ஒட்டித்தான் இந்த ஆல்பம். ஒரு பாட்டு பாதியில் வெட்டினாற்போல நின்றது. கெட்டுப்போய்விட்டதோ என்று காதிலிருந்ததைத் தட்டிப் பார்த்தேன். "அவன் அவ்ளோதாம்மா செஞ்சிருந்தான். நாங்க முடிக்கல" என்றான் கிரண்.

"இதுல நான் எங்கனா கீறனா?" விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் என் அண்ணன் மகளுக்கு நலங்கு பாடியதை முரளி பிடித்து வைத்திருந்தானாம். அதை வைத்துத்தான் பெரிய பாட்டு ஒன்று செய்திருந்தானாம். அது யாருக்கும் அனுப்பாதது.

"பொட்டில கீதா?"

"ஆமாம்மா."

"சரி, கீட்டும். காபி ஆறுது, குடி" என்றேன்.

அவன் குடித்தான். மற்றதை அவனிடம் நான் சொல்லவில்லை. போன வருஷம் அண்ணனின் கண் ஆபரேஷனுக்குத் துணையாக வேலூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஏரிக்கரை ரோட்டை அகலமாக்கியிருந்தார்கள். முன்னாலேயே தண்டோரா போட்டார்களாம், வேண்டியவர்கள் வந்து அவரவர் ஆளை எடுத்துப்போனார்களாம். முரளியைப் புதைத்த மேடு, அதன் பக்கத்திலிருந்த புங்கமரம், எதுவும் இல்லை. ஒரே சமம். ஜேசிபி ஓட்டுகிறவனிடம் "மண்ண எங்கப்பா கொட்னீங்க?" என்று கேட்டேன். "எங்கயும் கொட்டல பெரிம்மா. ரோட்டுக்கு அடியிலயே போட்டு நெரவிட்டோம்" என்றான், மரியாதையாகத்தான்.

இப்போது அந்த வழியில் பஸ் ஆடாமல் அசையாமல் வேகமாகப் போகிறது. சரியாக எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஏரி கண்ணில் படத் தொடங்கியதும் இரண்டு காலையும் பஸ் தரையிலிருந்து தூக்கிக்கொள்கிறேன். ஏரி முடிகிறவரைக்கும் கீழே விடுவதில்லை.